நடுவில் நிற்பவரின் வேலை: யோஜெஃப் கட்லெச்சிக், ஒரு நிகழ்வு ஆய்வு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கணினிகள் தரவு பரிமாறிக்கொள்ளும் டிசிபி நெறிமுறையின் இணைப்புகளைக் கண்காணிக்கும் நிரல் கோப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் நிரல் வரிகளுக்கு முன்னால் நீளமான ஒரு விளக்கக் குறிப்பு வரும். அதன் சாரம் இது: நாம் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறோம். எல்லா பாக்கெட்டும், அதாவது எல்லாத் தரவுத் துண்டும், நம் வழியாகத்தான் போகிறது, ஆனால் நம்மைத் தாண்டிய பிறகு அது தொலைந்துபோகலாம். அனுப்புகிறவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

வலையமைப்பில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வால் என்றால் எல்லாம் தெரிந்த காவல்காரன் என்றுதான், வலையமைப்புகளைப் பராமரிக்கும் நாங்கள் எல்லாரும் நினைத்து வேலைக்கு வந்தோம். அந்தக் காவல்காரனுக்கு எது தெரியாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருந்ததைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோப்பின் உரிமை வரிகளில் ஒரு ஹங்கேரியப் பெயர் இருந்தது: யோஜெஃப் கட்லெச்சிக். லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான நெட்ஃபில்டரின் மையக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவர். அவருடைய பணி வாழ்க்கையை அவர் எழுதிய நிரல்களின் வழியாகவே பார்க்க முயன்றிருக்கிறேன். ஹங்கேரியில் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள், கட்லெச்சிக் யோஜெஃப் என்று. முன்னெழுத்தோடு பெயர் எழுதிப் பழகிய நமக்கு அது விநோதமாகப் படாது.

இடம்

புடாபெஸ்ட் நகரின் மேற்கே, மலைப்பாங்கான சில்லெபேர்ட்ஸ் பகுதியில் கேஎஃப்கேஐ என்ற இயற்பியல் ஆய்வு வளாகம் இருக்கிறது. 1950ல் தொடங்கியது. கட்லெச்சிக் பணியாற்றியது இங்கே இருந்த துகள், அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில். அந்த நிறுவனம் 2012ல் வளாகத்தின் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து விக்னர் இயற்பியல் ஆய்வு மையம் ஆனது.

இயற்பியல் நிறுவனத்துக்குள்ளிருந்து ஃபயர்வால் நிரல் எப்படி வந்தது? அந்த வளாகத்துக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. பனிப்போர் காலத்தில் மேற்கத்திய நாடுகள் உயர் தொழில்நுட்பத்தைக் கிழக்கு ஐரோப்பாவுக்கு விற்கத் தடை போட்டிருந்தன. கோகாம் என்ற ஏற்பாடு அது. தங்கள் ஆய்வுக்குத் தேவையான கணினியை வாங்க முடியாத இயற்பியலாளர்களும் பொறியாளர்களும் 1960களின் பிற்பகுதியில் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். டிபிஏ என்று அதற்குப் பெயர். ஹங்கேரிய மொழியில் அதன் விரிவு, நிரல் சேமிக்கப்பட்ட பகுப்பாய்வுக் கருவி. கணினி என்ற சொல்லைத் தவிர்த்தே பெயர் வைத்தார்கள், ஏனென்றால் கணினி தயாரிப்பது அந்த நாட்டுத் திட்டத்தில் வேறு இடங்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அமெரிக்காவின் பிடிபி-8 இயந்திரத்துக்கு எழுதிய நிரல்கள் டிபிஏ வரிசையில் ஓடின. பிறகு பிடிபி-11, வாக்ஸ் வகைகளுக்கு ஈடானவையும் வந்தன.

தேவையானது கிடைக்கவில்லையென்றால் உட்கார்ந்து செய்துவிடும் இடம் அது. 1992ல் ஹங்கேரி, ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வு அமைப்பான செர்னில் உறுப்பினரானது. 2013 ஜூனில் செர்ன் தன் ஜெனீவா கணினி மையத்தின் நீட்சியாக இதே வளாகத்தில் ஒரு தரவு மையத்தைத் திறந்தது. இரண்டு நகரங்களையும் இணைக்க விநாடிக்கு 100 கிகாபிட் வேகத்தில் இரண்டு இணைப்புகள் இருந்தன. இயற்பியலாளர்களின் வலையமைப்பு என்பது அலுவலகத்தில் மின்னஞ்சல் பார்க்கும் வலையமைப்பு அல்ல. பெரிய அளவில் தரவு போகும், வெளிநாட்டுக் கூட்டாளிகள் உள்ளே வருவார்கள், எதையும் சட்டென்று மூடிவிட முடியாது.

முரட்டு வழி

நெட்ஃபில்டரை ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் 1998ல் தொடங்கினார். 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4ல் அது எல்லாருக்கும் கிடைத்தது. நிர்வாகிகள் கையாளும் ஐபிடேபிள்ஸ் கட்டளை இதன் வெளிமுகம்.

கட்லெச்சிக்கின் தொடக்க காலப் பங்களிப்புகளில் ஒன்று எச்.323க்கான துணைநிரல். அன்றைய வீடியோ அழைப்பு மென்பொருள்கள் பேசிய நெறிமுறை அது. இதில் ஒரு தொல்லை இருந்தது. அழைப்பவர் தன் ஐபி முகவரியையும், கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று காட்டும் போர்ட் எண்ணையும் பாக்கெட்டின் தலைப்பில் மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் தரவிலும் எழுதி அனுப்புவார். நடுவில் முகவரியை மாற்றும் நாட் இருந்தால் தலைப்பு மாறும், உள்ளே எழுதியது மாறாது. மறுமுனை பழைய முகவரிக்குப் பதில் அனுப்பும், அழைப்பு கிடைக்காது.

முறையாகச் செய்வதென்றால் எச்.323ன் சிக்கலான குறியாக்கம் முழுவதையும் பிரித்துப் படிக்க வேண்டும். கட்லெச்சிக் அதைச் செய்யவில்லை. தரவுக்குள் முகவரியின் 4 பைட்டுகள் எங்கே வருகின்றன என்று தேடிப் பிடித்து, அந்த இடத்தில் திருத்தினார். முரட்டு வழி என்று பொருள்படும் சொல்லையே நிரலின் விளக்கத்தில் வைத்தார். 2006ல் வேறொருவர் குறியாக்கத்தை முழுமையாகப் பிரிக்கும் நிரலை எழுதிக் கெர்னலில் சேர்த்தபோது, அது கட்லெச்சிக்கின் முரட்டு நிரலை அடிப்படையாகக் கொண்டது என்று கோப்பின் தலைப்பிலேயே குறித்தார். குறையை மறைக்காமல் பெயரிலேயே சொல்லிவைத்ததால் அடுத்து வந்தவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்தது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சாளரக் கணக்கு

இந்த ஆய்வின் மையம் இதுதான், கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

2.4 காலத்து நெட்ஃபில்டர் ஒரு டிசிபி இணைப்பை எப்படி அடையாளம் கண்டது? இரண்டு முகவரி, இரண்டு போர்ட். அப்புறம் இணைப்பு தொடங்குகிறதா, நடக்கிறதா, முடிகிறதா என்ற நிலை. அவ்வளவுதான். அந்த நான்கு எண்களும் தெரிந்த வெளியாள் ஒரு போலி பாக்கெட்டைச் செய்து அனுப்பினால், அது நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் பகுதி என்றே ஃபயர்வால் நம்பும். இணைப்பை முறிக்கும் போலி பாக்கெட் வந்தால் தன் பதிவையும் மூடிக்கொள்ளும்.

டிசிபியில் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. பெறுகிறவர் “இதுவரை வந்துவிட்டது, இன்னும் இவ்வளவு வாங்க இடம் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த இடத்தைத்தான் சாளரம் என்கிறோம். அந்தச் சாளரத்துக்குள் விழாத வரிசை எண்ணோடு ஒரு பாக்கெட் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ ஃபான் ரோய் இந்தக் கணக்கை ஐபிஃபில்டர் என்ற வேறொரு ஃபயர்வாலுக்காக வகுத்து 2000ல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். கட்லெச்சிக் அதை எடுத்து லினக்ஸில் அமைத்தார். வரிசை எண்ணுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை, இதுவரை வந்தது என்று பெறுகிறவர் சொல்லும் ஒப்புகை எண்ணுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று ஒவ்வொரு பாக்கெட்டும் நான்கு சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

சொல்ல எளிது. ஆனால் சாளரத்தின் அளவு பாக்கெட்டில் அப்படியே எழுதப்பட்டிருப்பதில்லை. எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்ற எண் இணைப்பின் முதல் இரண்டு பாக்கெட்டுகளில் மட்டும்தான் வரும். ஃபயர்வாலை நடுவில் மறுதொடக்கம் செய்தால் அந்த எண் அதற்குத் தெரியாமலே போகிறது. அப்படிப் பாதியில் பிடித்த இணைப்புகளிடம் கண்டிப்பு காட்டாமல் விடும்படி அவர் எழுதினார். நடுவில் சில தொலைந்தாலும் வந்துசேர்ந்த பகுதிகளைக் குறித்துச் சொல்லும் தேர்வு ஒப்புகை, அதாவது சாக், இருக்கும் இணைப்புகளுக்குத் தனிக் கணக்கு. இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் இணைப்பைத் தொடங்கும் அபூர்வமான வகைக்கான நிலையையும் 2009ல் சேர்த்தார். நடைமுறையில் அதை அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் டிசிபி விதிப்படி அது செல்லும்.

நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதாகப் பதிவிருக்கும் ஓர் இணைப்பில் திடீரென்று புதிதாகத் தொடங்கும் பாக்கெட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாக்குதலாக இருக்கலாம். அல்லது கிளையன்ட் கணினி நின்று மீண்டும் எழுந்திருக்கலாம், ஃபயர்வாலிடம் இருப்பதுதான் பழைய கதையாக இருக்கலாம். கட்லெச்சிக்கின் நிரல் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. தன் பதிவு காலாவதியாகியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அந்த பாக்கெட்டைப் போகவிடுகிறது, நிலையை மட்டும் மாற்றாமல் காத்திருக்கிறது. சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்த பிறகே எது உண்மை என்று முடிவெடுக்கிறது. ஊகிக்கத்தான் முடியும் என்று விளக்கக் குறிப்பில் எழுதியவர், அந்த ஊகம் தவறினால் என்ன செய்வது என்பதையும் நிரலாகவே எழுதிவிட்டார்.

இந்த நிரல் கெர்னலுக்கு வெளியே ஒட்டுநிரலாக நீண்ட நாள் இருந்தது. விரும்பியவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள், அவர் திருத்தினார். 2004 அக்டோபரில் வந்த 2.6.9ல்தான் எல்லாருக்குமான கெர்னலில் இடம்பெற்றது.

வந்த பிறகு சிக்கலே இல்லையா? இருந்தது. நான் பராமரித்த ஒரு வலையமைப்பில் பெரிய கோப்பு பதிவிறக்கங்கள் மட்டும் பாதியில் நின்றுகொண்டிருந்தன. மூன்று நாள் லினக்ஸைக் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால் வழியில் இருந்த வேறொரு பெட்டி பாதுகாப்புக்காக வரிசை எண்களை மாற்றிவிட்டு, சாக் குறிப்பில் இருந்த எண்களைப் பழையபடியே விட்டிருந்தது. சாளரத்துக்கு வெளியே விழுந்த அந்த பாக்கெட்டுகளைக் கட்லெச்சிக்கின் நிரல் செல்லாதவை என்று சரியாகவே முத்திரை குத்தியிருந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே, தாராளமாக இரு என்று பொருள்படும் ஒரு கெர்னல் அமைப்பை அவர் வைத்திருந்தார். அதை இயக்கினால் சாளரத்துக்கு வெளியே வரும் முறிப்பு பாக்கெட்டுகளை மட்டும் செல்லாதவையாக்கும், மற்றதை விட்டுவிடும்.

2019ல், பல கணினிகளில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் காரணம் தெரியாமல் இணைப்புகள் முறியும் பிரச்சினை வந்தது. செல்லாததாக முத்திரை குத்தப்பட்ட பாக்கெட்டுக்கு நாட் முகவரியை மாற்றாது. மாறாத முகவரியோடு போன பாக்கெட்டைப் பார்த்த மறுமுனை, இவர் யாரோ அந்நியர் என்று இணைப்பை முறித்தது. தீர்வாகச் சொல்லப்பட்டவை இரண்டு. செல்லாதவற்றைத் தடுத்து நிறுத்தும் ரூல் ஒன்று போடுங்கள், அல்லது அந்தத் தாராள அமைப்பை இயக்குங்கள். 15 ஆண்டுகளுக்கு முன் வைத்த திறப்பு அப்போதும் உதவியது.

அளந்து பார்த்தது

எல்லா பாக்கெட்டையும் கண்காணிக்க வேண்டியதில்லை. இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரோ பெரிய இணையதளமோ இருந்தால் கண்காணிப்புப் பதிவேடு நிரம்பி வழியும். அதற்கு 2003ல் ரா டேபிள் என்ற ரூல் அட்டவணையை எழுதினார். கண்காணிப்பு தொடங்குவதற்கு முன்பே பாக்கெட்டைப் பிடித்து, இதைப் பதிவு செய்யாதே என்று சொல்லிவிடலாம். சிறிய நிரல்தான், பெரிய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அருமை தெரியும்.

அதே ஆண்டுகளில் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் நெட்ஃபில்டரின் வேகத்தை முறைப்படி அளந்து அறிக்கை எழுதினார்கள். ரூல்களின் எண்ணிக்கை ஏற ஏற ஐபிடேபிள்ஸின் வேகம் இறங்கிக்கொண்டே போவது அதில் வரைபடமாகத் தெரிந்தது. காரணம் எளிது. ஒவ்வொரு பாக்கெட்டையும் முதல் ரூலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பொருந்தும் வரை கீழே போக வேண்டும். 10,000 ரூல் இருந்தால், எதிலும் சிக்காத நல்ல பாக்கெட்தான் 10,000 ஒப்பீடுகளையும் தாண்டி வர வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முகவரிகளை இரவுதோறும் பதிவேடுகளிலிருந்து பொறுக்கி, முகவரிக்கு ஒரு ரூல் போடும் ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதி வைத்திருந்தேன். சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அஞ்சல் சர்வர் இழுக்க ஆரம்பித்தது. ஒரு ரூலைச் சேர்க்கக்கூட நேரம் பிடித்தது, ஏனென்றால் ஐபிடேபிள்ஸ் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் கெர்னலிலிருந்து எடுத்து, மாற்றி, திரும்பி வைக்கும். அனுபவமுள்ள ஒரு அண்ணன் பார்த்துவிட்டு, “ஐபிசெட் போடு தம்பி” என்றார். அரை மணி நேர வேலை. ஆயிரக்கணக்கான ரூல்கள் ஒரே ரூலாகச் சுருங்கின, சர்வர் மூச்சு விட்டது.

ஐபிசெட் கட்லெச்சிக்கின் பெயரோடு மிக நெருங்கிய படைப்பு. அதன் விதை வேறு மூன்று பேர் 2000 முதல் 2002 வரை எழுதிய ஐபிபூல். கட்லெச்சிக் அதை எடுத்து விரிவாக்கித் திருத்தி எழுதினார், அந்த மூவரின் பெயரும் உரிமை வரியில் முதலில் நிற்க, அதன் கீழே தன் பெயரைச் சேர்த்தார். கருத்து இதுதான்: முகவரிகளை ரூல்களாக எழுதாமல் தனியே ஒரு தொகுப்பாக வைத்துக்கொள், ரூல் அந்தத் தொகுப்பைப் பார்த்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கட்டும். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பின்கோடு பார்த்துத் தனித்தனிப் பெட்டிகளில் போடுவதுபோல, ஹாஷ் கணக்கு முகவரியை ஒரு பெட்டிக்கு அனுப்பும். தேடும்போது அந்த ஒரு பெட்டியைத் திறந்தால் போதும். 100 முகவரி இருந்தாலும் 50,000 இருந்தாலும் தேடும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே.

தனி முகவரிகளுக்கு ஒரு வகை, முகவரியும் போர்ட்டும் சேர்ந்ததற்கு ஒரு வகை, முழு வலையமைப்புகளுக்கு ஒரு வகை. அடுத்தடுத்த முகவரிகள் என்றால் ஹாஷ் வேண்டாம், முகவரிக்கு ஒரு பிட் வைக்கும் பிட்மேப் போதும், அதில் 65,536 வரை அடங்கும். வலையமைப்பு வகையில் மட்டும் ஒரு விலை உண்டு. வலையமைப்பின் அளவைக் காட்டும் முன்னொட்டு நீளங்கள் எத்தனை வெவ்வேறாகத் தொகுப்பில் இருக்கின்றனவோ அத்தனை முறை தேட வேண்டும். கையேட்டிலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். இப்படி விலையையும் சேர்த்துச் சொல்லும் கையேட்டை நம்பி வேலை செய்யலாம்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று தொகுப்பை மாற்றும் வசதி. புதிய பட்டியலை வேறொரு தொகுப்பில் நிதானமாக நிரப்பி, ஒரே கட்டளையில் பழையதோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். ஃபயர்வால் ஒரு நொடிகூடத் திறந்து கிடக்காது. நேரடி வலையமைப்பைக் காப்பவருக்குத்தான் இந்தத் தேவை தோன்றும்.

இதுவும் வெளியே நீண்ட காலம் இருந்தது. கெர்னலோடு பேசும் வழியை நெட்லிங்க் என்ற முறைக்கு மாற்றி, புதிய வகை முகவரிகளான ஐபிவி6 சேர்த்து, தொகுப்புகளின் பெயர்களையே ஒழுங்காக மாற்றி எழுதிய பிறகு, 2011 மே மாதம் 2.6.39ல் சேர்ந்தது. அதற்குச் சற்று முன்னால், 2010 டிசம்பரில், கெர்னல் முழுக்கப் பயன்பட்ட ஜேஹாஷ் என்ற ஹாஷ் கணக்கைப் பாப் ஜென்கின்ஸின் புதிய வடிவத்துக்கு மாற்றியவரும் கட்லெச்சிக்தான். தன் ஐபிசெட்டுக்கு நல்ல ஹாஷ் தேவைப்பட்டது, பொது இடத்தில் இருந்ததையே சீராக்கினார். பலன் ஃபயர்வாலோடு தொடர்பே இல்லாத பகுதிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

புடாபெஸ்டின் மற்றவர்கள்

அவர் தனி மரம் அல்ல. நெட்ஃபில்டர் உருவாக்குநர்களின் 2003ஆம் ஆண்டுக் கூட்டம் புடாபெஸ்டில்தான் நடந்தது. அதே நகரின் பாலாபிட் நிறுவனத்திலிருந்து டிபிராக்ஸி வந்தது. முகவரியை மாற்றாமலே போக்குவரத்தை, நடுவில் நின்று பேசும் ப்ராக்ஸி நிரலுக்குத் திருப்பும் வசதி அது. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த பாலாஜ் ஷைட்லர் எழுதிய சிஸ்லாக்-என்ஜி உலகம் முழுக்கப் பதிவேடுகளைச் சேகரிக்கிறது. ஷைட்லரின் வழி நிறுவனம் கட்டும் வழி, கட்லெச்சிக்கின் வழி ஆய்வு நிறுவனத்துக்குள் இருந்தபடி பொதுநிரலைக் காக்கும் வழி. இரண்டுமே ஒரே ஊரில் சாத்தியமாகியிருக்கிறது.

எழுதிய பிறகு

2014 ஜனவரியில் 3.13 கெர்னலோடு, ஐபிடேபிள்ஸின் இடத்துக்காக என்எஃப்டேபிள்ஸ் வந்தது. தொகுப்பு என்பது அதில் பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது. ஐபிசெட் நிரூபித்துக்காட்டியதை அடுத்த தலைமுறை அடித்தளமாகவே எடுத்துக்கொண்டது என்பது என் கணிப்பு. அதற்காக ஐபிசெட் ஓய்வு பெறவில்லை. குபர்நெட்டீஸின் ஐபிவிஎஸ் என்ற சுமைப் பகிர்வு முறையும் கேலிகோ என்ற வலையமைப்பு மென்பொருளும் அதைப் பயன்படுத்துகின்றன, வீட்டு ரவுட்டர்களில் ஓடும் ஓப்பன்டபிள்யுஆர்டியிலும் இருக்கிறது.

புதியது வந்த பிறகு பழையதைக் காப்பது மினுமினுப்பில்லாத வேலை. கெர்னலில் தானாகவே பிழை தேடும் சிஸ்பாட் என்ற ரோபோ, ஐபிசெட்டில் பெரிய தொகுப்புகளைக் கையாளும்போது செயலி நீண்ட நேரம் சிக்கிக்கொள்வதாகப் புகார்களை அடுக்கியது. 2020 பிப்ரவரியில் கட்லெச்சிக் அதற்குத் தீர்வு எழுதினார். ஒரே நேரத்தில் பலர் மாற்றாதபடி காக்க முழுத் தொகுப்புக்கும் ஒரே பூட்டு என்பதை விட்டு, ஹாஷ் அட்டவணையைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதிக்கு ஒரு பூட்டு வைத்தார். ஒரே கட்டளையில் மிகப் பெரிய முகவரி வரம்பைச் சேர்க்கும்போது இன்னும் கெர்னல் தடுமாறியது. முதலில் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு போட்டார். அது பயன்படுத்துகிறவர்களின் கையைக் கட்டியது. 2023 ஜனவரியில் அதையும் மாற்றி எழுதினார்: கொஞ்சம் சேர்த்ததும் பூட்டைத் திறந்து மற்றவர்களுக்கு வழிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரும்படி.